போறணையும் துண்டுக் கேக்கும்

இலங்கைத் தமிழரின் பழைய சமையலறையில் பலகாரம் ஆவியிலும் எண்ணெயிலும் பிறந்தது. கொழுக்கட்டையும் பிட்டும் ஆவியில் வெந்தன. அரியதரமும் பயித்தம் பணியாரமும் எண்ணெயில் பொரிந்தன. மூன்று கல் வைத்த அடுப்பில் சூடு கீழிருந்து மட்டும் ஏறும். கேக்குக்கு அது போதாது. நாலு பக்கமும் சூழ்ந்து நிற்கும் உலர்ந்த வெப்பம் அதற்கு வேண்டும். அதன் மூலப்பொருளான கோதுமையும் தீவில் விளையும் பயிரன்று. மாவும் கடல் வழியாகவே வந்தது, அதை வேகவைக்கும் முறையும் அப்படியே வந்தது. இவை இரண்டும் ஆட்சியாளரின் சாப்பாட்டு மேசையிலிருந்து சாதாரண வீட்டுக் குசினிக்கு வந்து சேர ஏறக்குறைய 400 ஆண்டுகள் எடுத்தன.

இந்த வரவின் முதல் தடயம் சொற்களில் இருக்கிறது. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அவர்கள் ‘பாவோ’ என்ற ரொட்டி இலங்கைத் தமிழில் பாண் ஆனது. அதைச் சுடும் ‘ஃபோர்னோ’ என்ற அடுப்பு போறணை ஆனது. ‘பிஸ்கொய்த்தோ’ விசுக்கோத்தானது. தமிழ்நாட்டார் வாணலி என்பதை யாழ்ப்பாணத்தார் தாச்சி என்பதும் ‘தாஷோ’ என்ற போர்த்துக்கேயச் சொல்லின் வழியேதான். சிங்களத்திலும் பாணுக்கும் போறணைக்கும் இதே வேர்ச்சொற்களே வழங்குகின்றன. போர்த்துக்கேயர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்து தீவை விட்டு நீங்கினர். அடுப்பின் பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

பெயரோடு ஒரு சமையல் மரபும் தங்கியது. ரவையை அடிப்படையாகக் கொண்ட கேக், ஆசியாவில் போர்த்துக்கேயர் குடியேறிய துறைமுகங்கள் பலவற்றில் காணப்படுகிறது. கோவாவில் ரவையும் தேங்காயும் சேர்த்த ‘பாத்’ இருக்கிறது. மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் வாழும் யூரேசியர் ‘சூஜி கேக்’ செய்கின்றனர். இலங்கையில் இவற்றுக்கு உறவான பண்டம் லவ் கேக். இதைப் பேணி வளர்த்தவர்கள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் சமூகத்தினர். கொழும்பில் வாழ்ந்த பறங்கியர் காலப்போக்கில் ஆங்கிலம் பேசலாயினர். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியர் தமிழரின் அயலவராக இருந்தபடியே இலங்கைப் போர்த்துக்கேயம் என்ற கலப்பு மொழியை இன்றுவரை ஓரளவு காத்து வருகின்றனர்.

லவ் கேக்கின் சேர்மானத்தைப் பார்த்தாலே அது கடந்து வந்த கடல்கள் தெரியும். மஞ்சள் கருவைத் தாராளமாகச் சேர்ப்பது போர்த்துக்கல் நாட்டுக் கன்னியர் மடங்களின் இனிப்பு மரபு. ஒரு இறாத்தல் ரவைக்கு இருபதுக்கு மேற்பட்ட மஞ்சள் கருக்களைக் கேட்கும் பழைய குறிப்புகள் உண்டு. ஐரோப்பாவில் வாதுமை சேர்க்கும் இடத்தில் இங்கு கசு சேர்ந்தது. அந்தக் கசு மரத்தைப் பிரேசிலிலிருந்து ஆசியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் போர்த்துக்கேயரே. பன்னீர் அரபு, பாரசீக வணிகத்தோடு வந்தது. சாதிக்காயும் கராம்பும் மலுக்குத் தீவுகளின் சரக்கு. கறுவா மட்டும் இலங்கை மண்ணுக்கே உரியது. ஐரோப்பியரை இத்தீவுக்கு இழுத்த பொருளும் அதுவே. இவற்றோடு தேனும் தேசிக்காய்த் தோலும் பூசணி அல்வாவும் சேரும். பூசணி அல்வா என்பது நீற்றுப்பூசணித் துண்டுகளைச் சீனிப்பாகில் காய்ச்சி உலர்த்தி எடுப்பது. ஐரோப்பியக் கேக்கில் பாகிலிட்ட பழங்கள் செய்யும் வேலையை இங்கே வேலியோரத்துக் கொடியின் காய் செய்கிறது.

செய்முறையில் நுணுக்கம் கசுவிலும் நெருப்பிலும் இருக்கிறது. கசுவை அரைத்தால் எண்ணெய் கக்கும், கேக் பிசுபிசுக்கும். ஆகவே அதைக் கத்தியால் பொடியாகக் கொத்த வேண்டும். ரவையை இளஞ்சூட்டில் வறுத்து, வெண்ணெயைப் பூசிக் கலந்து, ஊறவிட வேண்டும். மஞ்சள் கருவும் சீனியும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்த பிறகே மற்றவை ஒவ்வொன்றாகச் சேரும். வெள்ளைக் கருவைத் தனியே அடித்து, நுரை உடையாமல் கடைசியில் கலப்பார்கள். தட்டத்தின் அடியிலும் பக்கங்களிலும் பல மடிப்புப் பத்திரிகைத் தாளை விரித்து, அதன்மேல் எண்ணெய்த் தாள் இடுவது வழக்கம். சீனி மிகுந்த இக்கலவை எளிதில் கருகும். தாள் சூட்டைத் தடுத்து மெல்ல உள்ளே விடும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வெந்த கேக்கின் மேற்பரப்பு சீனி இறுகிய பொருக்காகவும் உட்புறம் ஈரம் குன்றாமலும் இருக்கும். கத்தி செருகிப் பார்த்து வெந்ததை அறியும் பொதுவிதி இதற்கு முழுதும் பொருந்தாது. நடுப்பகுதி சற்றுப் பிசுக்கென ஒட்டும் நிலையிலேயே இறக்கிவிட வேண்டும்.

ஒல்லாந்தர் விட்டுச்சென்ற பண்டம் வேறு வகையானது. ‘புரூடர்’ எனப்படும் அது கேக்குக்கும் பாணுக்கும் இடைப்பட்டது. புளிக்க வைத்த மாவில் முட்டையும் வெண்ணெயும் முந்திரிகை வற்றலும் சேர்த்து, நடுவில் குழல் வைத்த வரிவரியான அச்சில் சுடப்படுவது. கிறிஸ்மஸ் காலை உணவாக, ஏடம் பாற்கட்டியுடன் அதை உண்பது பறங்கியர் வழக்கம். ஒல்லாந்தர் ஆண்ட கொச்சியிலும் இதே பெயரில் இப்பண்டம் வழங்குகிறது. ஈஸ்ட் எளிதாகக் கிடைக்காத நாட்களில் மாவைப் பொங்கச் செய்தது கள். அப்பத்துக்கு மா புளிக்க வைக்கக் கள்ளைப் பயன்படுத்திய கைகளுக்கு இது புதிய வித்தையாக இருந்திருக்காது. பாண் சுட்டவர்களும் நெடுங்காலம் கள்ளையே நம்பியிருந்தனர்.

ஆங்கிலேயர் 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரப் பகுதிகளைப் பெற்றனர். 1815இல் கண்டி அரசும் அவர்கள் வசமானது. அவர்கள் காலத்தில்தான் கேக் ஒரு சமூகத்தின் பண்டிகைப் பண்டம் என்ற நிலையைத் தாண்டிப் பொதுவானது. 1867இல் தேயிலைத் தோட்டப் பயிராகத் தொடங்கியது. 1869இல் பரவிய இலை நோய் கோப்பியை அழித்ததும் அதுவே மலைநாட்டின் பயிரானது. தேநீர் நேரம் வந்தது. அதற்குத் துணையாகப் பட்டர் கேக் வந்தது. வெண்ணெய், சீனி, மா, முட்டை ஆகிய நான்கையும் சம எடையில் எடுப்பது இதன் விதி. வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது உள்ளே சிறைப்படும் காற்றே கேக்கைத் தூக்குகிறது. வெப்ப நாட்டில் வெண்ணெய் உருகிவிட்டால் அந்தக் காற்று நில்லாது. இந்தச் சிரமத்தைக் குறைத்தது பேக்கிங் பவுடர். பர்மிங்காம் நகரின் மருந்தாளர் ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1843இல் உருவாக்கிய தூளே அதன் தொடக்க வடிவம். ஈரமும் சூடும் பட்டதும் அமிலமும் காரமும் கலந்து கரியமில வாயுவை வெளிவிடும் அந்த எளிய வேதியியல், அடிக்கும் கையின் உழைப்பைப் பாதியாகக் குறைத்தது.

ஆங்கிலேயரின் கிறிஸ்மஸ் பழக் கேக்கும் இங்கு வந்து மாறியது. இலங்கையில் ‘றிச் கேக்’ எனப்படும் அதில் கோதுமை மாவுக்குப் பதிலாக ரவை சேர்ந்தது. வாதுமையின் இடத்தில் கசு வந்தது. இஞ்சிப் பாகும் பூசணி அல்வாவும் பழங்களோடு கலந்தன. லவ் கேக்கின் சேர்மானம் ஆங்கிலக் கேக்குக்குள் புகுந்துகொண்டது என்று சொல்லலாம். மூன்று ஆட்சிகளின் சமையலும் ஒரே புத்தகத்தில் அச்சேறியது 1929இல். ஹில்டா டியூட்ரம் தொகுத்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையற் புத்தகம் அது. அதுவரை தாய் மகளுக்குச் சொல்லியும், கொப்பியில் எழுதிக் கைமாற்றியும் வந்த அளவுகள் அதன்பின் எல்லோர் கைக்கும் எட்டின.

அளவு கிடைத்தாலும் அடுப்பு கிடைக்கவில்லை. வீட்டில் போறணை வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் கண்ட வழிகள் பல. பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் கேக் தட்டத்தை வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணலைக் கொட்டுவது ஒன்று. கீழே விறகின் சூடு, மேலே தணலின் சூடு, இரண்டுக்கும் நடுவில் கேக். மேல் தணல் கூடினால் முகம் கருகும், குறைந்தால் நடு இறங்கும். தகரப் பெட்டியை மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் ஏற்றிப் போறணையாக்குவது இன்னொன்று. மூன்றாவது வழி, கலவையை வீட்டில் தயாரித்துத் தட்டத்தோடு ஊர் வெதுப்பகத்துக்குக் கொண்டுபோவது. பாண் சுட்டு முடிந்த போறணையின் சுவர்களில் தங்கியிருக்கும் தணிந்த சூடு, நெடுநேரம் வேக வேண்டிய கேக்குக்கு மிகப் பொருத்தமானது. மேசைப் போறணையும் எரிவாயு அடுப்பும் நகரத்து வீடுகளில் பரவிய பின்பே இந்த நடை குறைந்தது.

கேக் போடுவது ஒருவர் செய்து முடிக்கும் வேலையாக இருந்ததில்லை. பழங்களை வெட்டிப் பிரண்டியில் ஊறவைப்பது வாரக்கணக்கில் முன்னதாகவே தொடங்கும். கசு கொத்துவதும் முந்திரிகை வற்றலில் காம்பு ஆய்வதும் பிள்ளைகளின் பங்கு. கட்டியான கலவையைப் பெரிய பாத்திரத்தில் புரட்டக் கைப்பலம் உள்ளவர் வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய மிச்சத்தை வழித்து நக்கும் உரிமை யாருக்கு என்ற சண்டையும் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.

இலங்கைக் கேக்கின் தனி இயல்பு அது உண்ணப்படும் முறையில் தெரிகிறது. றிச் கேக்கை ஆறவிட்டு, விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் எண்ணெய்த் தாளில் மடித்து, அதன்மேல் வண்ணத் தாளையும் சுற்றுவார்கள். திருமணத்தில் விருந்தினர் கைக்குப் போவது இந்தச் சிறு பொதிதான். இந்துத் திருமண வரவேற்புகளிலும் இவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. கிறிஸ்மஸ் நாளில் கிறிஸ்தவர் வீட்டிலிருந்து அயல்வீடுகளுக்குக் கேக் துண்டுகள் தட்டில் போகும். சித்திரைப் புத்தாண்டில் அதே தட்டு பலகாரத்தோடும் பட்டர் கேக்கோடும் திரும்பி வரும். முட்டை உண்ணாத வீடுகளுக்காக, ரின் பாலில் முட்டையில்லாக் கேக் செய்யும் முறையும் உருவானது. செலவு மிகுந்த பண்டத்தை நிறையப் பேருக்குப் பகிர வேண்டியிருந்ததால் துண்டு சிறுத்தது. அது சிறுத்ததால் மென்று மெல்லச் சுவைக்கும் பண்டமாயிற்று.

தட்டுப்பாடு இந்த வழக்கத்தைப் பலமுறை சோதித்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவியபோது பாணுக்கே மக்கள் வரிசையில் நின்றனர். கேக்குக்கான மாவும் சீனியும் சேமித்து வைத்தே சேர்க்க வேண்டியிருந்தன. 1977இல் சந்தை திறந்தது. 1980இல் திருகோணமலையில் பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கியபின் மா தாராளமாயிற்று. போர் நடந்த வடக்கிலோ 1990இல் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் அரிதானபோது யாழ்ப்பாணத்துக் குசினிகளுக்குக் கைகொடுத்தது பழைய விறகும் சிரட்டைத் தணலும்தான். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எரிவாயுச் சிலிண்டருக்கு நீண்ட வரிசைகள் நின்றன. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காட்டைத் தொட்டது. வெண்ணெயின் இடத்தில் மாஜரின் ஏறியது; முட்டை குறைந்தது; தட்டம் சிறுத்தது.

இதற்கிடையில் கேக் கடலும் கடந்தது. 1956ஆம் ஆண்டின் சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பின் பறங்கியர் பெருந்தொகையாக ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். கொழும்பில் பிறந்து அங்கு சென்று குடியேறிய சார்மெய்ன் சாலமன் 1976இல் வெளியிட்ட ஆசியச் சமையல் நூல், இலங்கை உணவை உலகின் பல மொழியினருக்கும் அறிமுகம் செய்தது. 1983 இனக் கலவரத்துக்குப் பின் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்ற தமிழர், வெப்பநிலையை இலக்கத்தில் திருப்பி வைக்கும் நல்ல அடுப்புகளைப் பெற்றனர். கேக்கை வேகவைக்க அங்கே தணலும் மணலும் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் தட்டத்துக்குள் பத்திரிகைத் தாள் விரிக்கும் பழக்கம் போகவில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் நடக்கும் தமிழ்த் திருமணங்களில் விருந்தினர் கையில் இன்றும் வந்து சேர்வது தாளில் சுற்றிய அதே விரல் நீளத் துண்டுதான்.