கவாசாகி மாநகராட்சியும் கொரியர்களும்

ஜப்பானில் டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் நடுவே, தாமா ஆற்றங்கரையில் அமைந்த தொழில்நகரம் கவாசாகி. 1912இல் தொடங்கப்பட்ட நிப்பான் கோக்கான் உருக்காலையும் அதையடுத்து வந்த மற்ற ஆலைகளும் கடலோரத்தை நிறைத்தன. கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் காலனியாக இருந்தது. அங்கிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும், போர்க்காலத்தில் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் ஆலைகளை ஒட்டிய சகுராமோட்டோ, இகேகாமி பகுதிகளில் குடியேறினார்கள்.

போர் முடிந்த பிறகும் சுமார் 6 லட்சம் கொரியர்கள் ஜப்பானிலேயே தங்கிவிட்டனர். காலனிக் காலத்தில் அவர்கள் ஜப்பானியக் குடிமக்களாகவே கணக்கில் இருந்தவர்கள். சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1952 ஏப்ரல் 28 அன்று, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் குடியுரிமை நீக்கப்பட்டது. அதே நாளில் வெளிநாட்டவர் பதிவுச் சட்டம் வந்தது. 1955இலிருந்து அந்தச் சட்டத்தின் கீழ்க் கைரேகை பெறுவதும் தொடங்கியது. ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பானிய மொழி தவிர வேறொன்றும் தெரியாத பிள்ளைகளும் 14 வயதானதும் கைரேகை பதிக்க வேண்டும். பின்னாளில் அந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் மத்திய அரசுடையது. அதை நிறைவேற்றியவர்கள் உள்ளாட்சி அலுவலர்கள். ஆகவே ஒரு கொரியருக்கு அரசாங்கம் என்பது வார்டு அலுவலகத்தில் மைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த எழுத்தர்தான். பாகுபாடு நடந்த அந்த மேசையிலேயே பின்னால் மாற்றமும் தொடங்கியது.

1971இல் இத்தோ சபுரோ கவாசாகியின் மேயரானார். மாநகராட்சி ஊழியர் சங்கத்துக்குத் தலைமை வகித்த இடதுசாரி அவர். ஜப்பானில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதால், மத்தியில் வேறு கட்சி ஆண்டாலும் நகரம் தன் வழியில் நடக்கச் சற்று இடம் உண்டு. 1972இல் உள்ளூர் வெளிநாட்டவருக்குத் தேசிய மருத்துவக் காப்பீட்டைக் கவாசாகி திறந்துவிட்டது. 1975இல் குழந்தைகளுக்கான உதவித்தொகையும் மாநகராட்சிக் குடியிருப்புகளும் அவர்களுக்குக் கிடைத்தன. மத்திய அரசு அகதிகள் உடன்படிக்கையில் சேர்ந்து, 1982இல் குழந்தை உதவித்தொகைக்கும் ஓய்வூதியத்துக்கும் இருந்த குடியுரிமை நிபந்தனையை நீக்கியபோது, இந்த நகரம் அந்த வழியில் ஏழு ஆண்டுகள் நடந்து முடித்திருந்தது.

இந்தப் பெருமை முழுவதையும் மேயருக்கே கொடுத்துவிட முடியாது. வேலைக்குத் தேர்வான ஓர் இளைஞரைக் கொரியர் என்று தெரிந்ததும் ஹிட்டாச்சி நிறுவனம் வேண்டாம் என்றது. அவர் தொடுத்த வழக்கில் 1974இல் யோகோஹாமா மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கவாசாகியின் கொரியத் திருச்சபையும் அதைச் சார்ந்த தாய்மார்களும் அந்தப் போராட்டத்தில் துணைநின்றவர்கள். வழக்கு வென்ற கையோடு அவர்கள் நகர மன்றத்தின் கதவைத் தட்டினார்கள். உதவித்தொகையும் வீடும் அப்படிக் கேட்டுப் பெற்றவை.

1980களில் கைரேகை பதிக்க மறுக்கும் இயக்கம் நாடெங்கும் பரவியது. மறுப்பவருக்கு ஓராண்டுவரை சிறை அல்லது அபராதம் என்று சட்டம் சொன்னது. மறுத்தவரைப் பற்றி உள்ளாட்சி அலுவலகம் காவல்துறையிடம் புகார் கொடுக்க வேண்டும் என்பது மத்திய அரசின் எதிர்பார்ப்பு. 1985 பிப்ரவரியில் இத்தோ, கவாசாகி அப்படிப் புகார் கொடுக்காது என்று அறிவித்தார். நீதி அமைச்சகம் கண்டித்தும் அவர் பின்வாங்கவில்லை. ஆனால் நகரத்தின் கை எட்டும் தூரமும் அந்த ஆண்டே தெரிந்துவிட்டது. மே மாதத்தில், கைரேகை பதிக்க மறுத்த கவாசாகிக் குடியிருப்பாளர் ஒருவரை, மாநகராட்சியின் புகார் இல்லாமலே காவல்துறை கைது செய்தது. நிரந்தரவாசிகளுக்குக் கைரேகை 1993இல்தான் நீங்கியது. மற்றவர்களுக்கு 2000 வரை ஆயிற்று.

1988இல் சகுராமோட்டோவில் ஃபுரேயாய்கான் என்ற பொதுக்கூடம் திறக்கப்பட்டது. கொரியரும் ஜப்பானியரும் கலந்து பழகுவதற்கான இடம் என்று மாநகராட்சி சொன்னாலும், அக்கம்பக்கத்து ஜப்பானியக் குடியிருப்போர் சங்கங்கள் முதலில் எதிர்த்தன. நீண்ட பேச்சுக்குப் பிறகே கதவு திறந்தது.

1996இல் இரண்டு முடிவுகள் வந்தன. தீயணைப்புத் துறை நீங்கலாக மாநகராட்சி வேலைகளுக்கான தேர்வை வெளிநாட்டவரும் எழுதலாம் என்றானது. இருந்தும் அரசதிகாரத்தைச் செலுத்தும் பதவிகள் அவர்களுக்கு மூடியே இருந்தன. அதே ஆண்டில் வெளிநாட்டுக் குடியிருப்பாளர் பிரதிநிதிகள் மன்றம் அமைந்தது. அதிகபட்சம் 26 உறுப்பினர்கள். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. பரிந்துரைக்க மட்டுமே அதிகாரம் பெற்ற அவை என்றாலும், வீட்டுக்காரர்கள் வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட மறுப்பதை அது எடுத்துச் சொன்னதன் விளைவாக, அத்தகைய பாகுபாடு கூடாது என்ற விதி 2000இல் நகரத்தின் வீட்டுவசதிச் சட்டத்தில் இடம்பெற்றது. ஆலோசனை சொல்ல மட்டும் அமைக்கப்பட்ட ஓர் அவைக்கு இது சின்ன சாதனை அல்ல.

2010களில் வெறுப்புப் பேச்சு ஊர்வலங்கள் சகுராமோட்டோவின் வாசல்வரை வந்தன. 2016இல் நாடாளுமன்றம் வெறுப்புப் பேச்சுக்கு எதிராக ஒரு சட்டம் இயற்றியது. அதில் தண்டனை கிடையாது. அந்த ஆண்டு ஜூனில் திட்டமிடப்பட்ட கூட்டத்துக்கு மாநகராட்சி பூங்காவைத் தர மறுத்தது. நீதிமன்றமும் அந்த வட்டாரத்தில் ஊர்வலத்துக்குத் தடை விதித்தது. 2019 டிசம்பரில் கவாசாகி நகர மன்றம், வெறுப்புப் பேச்சுக்குத் தண்டனை விதிக்கும் ஜப்பானின் முதல் சட்டத்தை நிறைவேற்றியது. முதல் முறை பரிந்துரை, இரண்டாம் முறை ஆணை, அதையும் மீறினால் 5 லட்சம் யென் வரை அபராதம். பொது இடத்தில் நடப்பதற்கு மட்டுமே இந்த அபராதம். இணையத்தில் எழுதுவதற்கு இல்லை. 2020 ஜூலை 1 முதல் தண்டனைப் பிரிவு நடைமுறைக்கு வந்தது.

வெளிநாட்டவருக்கு உள்ளாட்சி வாக்குரிமை அளிப்பதை அரசியலமைப்பு தடுக்கவில்லை என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவில்லை. எனவே இத்தனை விதிகளையும் கேட்டுப் பெற்ற கவாசாகிக் கொரியர்களில் ஜப்பானியக் குடியுரிமை பெறாதவர்கள், தங்கள் மேயரைத் தேர்ந்தெடுக்க இன்றும் வாக்களிக்க முடியாது.