தொட்டிக்கு மேல் தொட்டி

சீனாவின் மான்செங்கில் 1968இல் ஓர் இளவரசரின் கல்லறையைத் திறந்தார்கள். லியூ ஷெங் என்று பெயர், இறந்தது கி.மு. 113இல். அவர் உடலில் போர்த்தியிருந்த பச்சைக்கல் அங்கியைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. கூடப் புதைத்திருந்த சாமான்களில் ஏறக்குறைய ஒரு சாண் உயர வெண்கலப் பாத்திரம் ஒன்றும் இருந்தது. அடிப்பக்கத்தில் சிறு குழாய், மூடியில் ஒரு குச்சி ஏறி இறங்கும் அளவுக்கு வெட்டு. தண்ணீர் ஒழுக ஒழுக, உள்ளே மிதக்கும் குச்சி இறங்கும். குச்சியில் போட்ட கோட்டைப் பார்த்து நேரம் சொல்லலாம்.

சொல்லலாம், ஆனால் சரியாக இருக்காது. பாத்திரம் நிறைந்திருக்கையில் தண்ணீர் வேகமாக ஓடும், குறையக் குறையச் சோர்ந்துபோகும். இதற்குக் கணக்கு சொன்னவர் இத்தாலியின் டாரிசெல்லி, அது 17ஆம் நூற்றாண்டில். நீர்மட்டத்தின் வர்க்கமூலம் எப்படிப் போகிறதோ, ஒழுக்கின் வேகமும் அப்படியே போகும். மட்டம் கால்வாசியானால் வேகம் பாதியாகும். சீனர்களிடம் இந்தச் சூத்திரம் இல்லை. ஆனால் இரவெல்லாம் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த காவலாளிக்குச் சூத்திரம் எதற்கு?

முதலில் வேலையைத் தலைகீழாக மாற்றினார்கள். ஒழுகும் பாத்திரத்தில் குச்சியை வைக்காமல், ஒழுகிய நீர் சேரும் கீழ்ப் பாத்திரத்தில் வைத்தார்கள். இப்போது குச்சி இறங்காமல் ஏறியது. அதற்கு அம்பு என்று பெயர். ஒரு பகலும் இரவும் சேர்ந்து நூறு பங்கு; ஒவ்வொரு பங்கும் இன்றைய கணக்கில் 14.4 நிமிடம். பார்க்க வசதிதான். ஆனால் கோளாறு தீரவில்லை, மேல் பாத்திரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மட்டம் குறைந்தால் கீழே அம்பு மெதுவாக ஏறும்.

அடுத்த அடியை எடுத்தவர் ஜாங் ஹெங் (78–139). நில அதிர்வு காட்டும் கருவி செய்தவர் என்று பள்ளிப் புத்தகங்களில் வருவாரே, அவரேதான். தண்ணீரால் சுழலும் வானக்கோளம் ஒன்றைச் செய்தபோது அதற்குச் சீரான ஒழுக்கு தேவைப்பட்டது. வெண்கலப் பாத்திரங்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படிபோல அடுக்கினார். பச்சைக்கல்லில் செதுக்கிய நாகங்களின் வாய்வழியே நீர் இரண்டு ஜாடிகளில் விழுந்தது, ஒன்று பகலுக்கு, மற்றது இரவுக்கு. ஜாடிகளின் மூடியில் வார்ப்புச் சிலைகள் நின்றன. இடக்கையால் அம்பை அணைத்துக்கொண்டு வலக்கையால் கோட்டைச் சுட்டிக்காட்டும் சிலைகள். அலங்காரம் கண்ணைப் பறித்தாலும், கதையின் நாயகன் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த இரண்டாவது தொட்டிதான்.

அது என்ன செய்கிறது? மேல் தொட்டியில் மட்டம் குறைந்து, அதன் ஒழுக்கு பத்து சதவீதம் சட்டென்று சரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நடுத்தொட்டிக்கு வரவு குறைகிறது, செலவு பழையபடியே. எனவே அதன் மட்டமும் இறங்கத் தொடங்குகிறது, ஆனால் மெதுவாக. வரத்தை அடைத்துவிட்டால் அது முழுதும் வடிய 12 மணி நேரம் பிடிக்கும் என்றால், முதல் ஒரு மணி நேர முடிவில் அதன் ஒழுக்கில் குறைவது 0.8 சதவீதம் மட்டுமே. அதற்குக் கீழே அதே அளவில் இன்னொரு தொட்டி இருந்தால் அங்கே 0.03 சதவீதம். பத்து சதவீதக் கோளாறு இரண்டு படி இறங்குவதற்குள் கண்ணுக்கே தெரியாமல் போகிறது.

போய்விட்டதா? இல்லை. மேல் தொட்டியை அப்படியே விட்டுவைத்தால், சில நாளில் அந்தப் பத்து சதவீதம் முழுசாகக் கீழே வந்து சேரும். அடுக்குத் தொட்டி பிழையை அழிப்பதாகச் சில நூல்களில் எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். எனக்கு அது சரியென்று படவில்லை. தொட்டி தருவது தவணை. அந்தத் தவணைக்குள் காவலாளி வந்து மேலே ஒரு குடம் ஊற்றிவிட வேண்டும். ஊற்றும்போது மட்டம் ஏறும், பிறகு இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் எல்லாம் கீழே போவதற்குள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஆக, இந்தக் கடிகாரத்தின் ஓர் உறுப்பு மனிதன்.

கெமிக்கல் என்ஜினியரிங் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. ஆய்வுக்கூடத்தில் இரண்டு தொட்டி, ஒழுக்கை அளக்க ஒரு ரோட்டாமீட்டர், கையில் ஸ்டாப்வாட்ச். மேல் வால்வைச் சட்டென்று கொஞ்சம் திறந்துவிட்டு மட்டத்தைக் குறிக்கச் சொல்வார்கள். முதல் தொட்டியின் கோடு உடனே கிளம்பும். இரண்டாவது தொட்டியின் கோடு முதலில் தயங்கி, பிறகு நிமிர்ந்து, கடைசியில் படுத்து, ஆங்கில எஸ் எழுத்தைச் சாய்த்தாற்போல் வரும். அந்தத் தயக்கத்தைத்தான் ஜாங் ஹெங் விலைக்கு வாங்கினார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீர் மேலிருந்து காற்றில் விழுவதால் கீழ்த் தொட்டியின் நிலைமை மேல் தொட்டிக்குத் தெரியவே தெரியாது. இரண்டையும் அடிக்குழாயால் இணைத்திருந்தால் கீழ்மட்டம் மேலே எதிர்த்துத் தள்ளும், கணக்கும் சிக்கலாகும்.

ஒரு தொட்டி நல்லது என்றால் இரண்டு இன்னும் நல்லது. 4ஆம் நூற்றாண்டில் சுன் சுவோ என்பவர் எழுதிய வாசகத்தில் மூன்று படி வந்துவிட்டது. தாங் அரச மரபின் காலத்து லூ சாயிடம் நான்கு: இராவானக் குளம், பகல்வானக் குளம், சமமட்ட ஜாடி, பத்தாயிரம் பங்கு ஜாடி என்று பெயர்கள். இவற்றுக்குக் கீழே அம்பு மிதக்கும் ஜாடிக்குக் கடல் என்று பெயர். இந்த அடுக்கின் ஆயுளும் கெட்டிதான். 1316இல் குவாங்சோ நகரக் கோபுரத்தில் வைத்த செம்புத் தொட்டிகள் நூற்றாண்டுகள் நேரம் சொல்லிவிட்டு, இப்போது பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்றுக்கும் பெயர். நான்காவது நீர் வாங்கும் ஜாடி.

மேலே மேலே அடுக்கிக்கொண்டே போவதை நிறுத்தியவர் யான் சூ என்ற அதிகாரி. 1030இல் அவர் கொடுத்த தாமரைக் கடிகாரத்தில் மேலே இரண்டே பெட்டிகள். மேல் பெட்டியிலிருந்து தேவைக்குச் சற்று அதிகமாகவே நீர் வரும். கீழ்ப் பெட்டியின் விளிம்போரம் ஒரு போக்கு. மிஞ்சியது அதன்வழி மூங்கிலில் இறங்கி வேறொரு ஜாடிக்குப் போய்விடும். ஏரிக்குக் கலிங்கு வைத்த மாதிரி. மட்டம் கலிங்குக்கு மேல் ஏறாது, வரத்து இருக்கும்வரை கீழேயும் இறங்காது. தவணை கேட்ட இடத்தில் யான் சூ கணக்கையே தீர்த்துவிட்டார். ஜாடியின் மூடியில் ஒரு தாமரை, அதன் நடுவிலிருந்து அம்பு எழும். 1036இல் அரசு அதை ஏற்றது.

போன இடமெல்லாம் யான் சூ இந்தக் கடிகாரத்தை நிறுவினார். ஷூசோவில் மட்டும் அது வழக்கொழிந்து கிடந்தது. ஏனென்று கவிஞர் சூ ஷி 1078இல் ஒரு கல்வெட்டு வாசகத்தில் எழுதுகிறார். அங்கே வெய் பூ என்ற பார்வையற்ற பஞ்சாங்கக் கணிதர் செய்த கடிகாரம் இருந்ததாம். ஜாடி உண்டு, அம்பு இல்லை. நிரம்பியதும் காவலாளி அதைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். கண்ணில்லாதவர் ஊரார் கண்ணையும் வேண்டாமென்றாரே என்று சூ ஷி கிண்டலடிக்கிறார். எனக்கென்னவோ வெய் பூ பக்கமே மனசு சாய்கிறது. நம் நாழிகை வட்டிலும் இந்த ஜாதிதானே? ஓட்டை வட்டிலை நீரில் மிதக்கவிட்டால் நிரம்பி மூழ்குவதற்குள் 24 நிமிடம், பிறகு மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்திலிருந்து ஒரே மட்டம்வரை போவதால், இடையில் வேகம் எப்படி மாறினால் என்ன?

தொட்டியை அடுக்கியும் கலிங்கு வைத்தும் தீராத நோய் ஒன்று இருந்தது. ஹான் அரச மரபின் அரண்மனையில் நீர்க்கடிகாரப் பொறுப்பில் இருந்த ஹுவான் டான், கி.பி. 28 வாக்கில் இறந்தவர், குளிருக்கும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் வறட்சிக்கும் அளவு மாறுகிறது என்று எழுதிவைத்திருக்கிறார். பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்துத் திருத்திக்கொண்டாராம். உறையும் குளிரில் நீரின் பிசுபிசுப்பு 20 டிகிரியில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 1.8 மடங்கு. மெல்லிய குழாயில் அது ஒழுக்கைப் பிடித்து இழுக்கும், அதுவும் எல்லாத் தொட்டியிலும் ஒரே நேரத்தில். மேலிருந்து வரும் கோளாறைத்தான் அடுக்கு தாமதப்படுத்தும். எல்லாப் படியிலும் சேர்ந்து வருவதற்கு அதனிடம் மருந்தில்லை. 979இல் ஜாங் சிஷுன் தன் வானக் கடிகாரத்தில் நீரை விட்டுப் பாதரசத்துக்கு மாறியது இந்தக் குளிருக்குப் பயந்துதான்.

ஷென் குவோ (1031–1095) பத்தாண்டுக்கு மேல் இந்தக் கருவியோடு மல்லாடினார். குளிர்காலத்தில் கடிகாரம் பிசகினால் முன்னோர் நீரின் மேல் பழி போட்டார்கள். அவர் சூரியனின் மேல் போட்டார். மார்கழிப் பக்கம் ஒரு முழுநாள் நூறு பங்கைத் தாண்டுகிறது, கோடையில் நூறை எட்டுவதில்லை என்றார். முதல் பாதி சரி: டிசம்பர் கடைசியில் சூரிய நாள் சராசரியைவிட 30 விநாடி நீளம். இரண்டாம் பாதி தவறு: ஜூன் நாளும் சுமார் 13 விநாடி நீளம்தான், சராசரியைவிடக் குட்டையான நாள் செப்டம்பரில் வருகிறது.