செத்துப்போன மீற்றர்களின் கதை



குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிள்களின் மீற்றர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பலவற்றில் கண்ணாடிக்குள் ஈரம் பூத்திருக்கும். முள் பூச்சியத்தில் கிடக்கும். கேபிளைக் கழற்றிச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். ஏன் திருத்தவில்லை என்று கேட்டால், "அது இல்லாமலே ஓடுதுதானே சேர்" என்பார்கள். இந்தப் பதில் சோம்பேறித்தனம் இல்லை. அதற்குப் பின்னால் எங்கள் மண்ணின் முப்பது, நாற்பது வருட வரலாறு இருக்கிறது.

பழைய சைக்கிள்களில் இரண்டு விதமான மீற்றர் உண்டு. ஒன்று வேக மீற்றர், அது சில்லின் சுழற்சியை அளக்கும். மற்றது ஆர்பிஎம் மீற்றர், அது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும். நான் எழுதப்போவது இரண்டாவதைப் பற்றி. எங்கள் பகுதியில் பெருமளவில் ஓடிய ஹொண்டா எம்டி 90, சீடி 125, சீடி 200 எதிலும் இது இல்லை, வேக மீற்றர் மட்டும்தான். சீபி வகை வைத்திருந்தவர்களுக்கே இரட்டை மீற்றர் வாய்த்தது. அந்தக் காலத்தில் அது ஒரு மிடுக்கு.

இந்தக் கருவி மோட்டார் சைக்கிளைவிட வயதில் மூத்தது. ஆலை இயந்திரங்களின் வேகத்தை அளக்க பிரையன் டொன்கின் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் ஒன்றைச் செய்து, 1810இல் அதற்காகத் தங்கப் பதக்கம் பெற்றார். ஆனால் நாங்கள் கண்ட மீற்றரின் உள்விஷயம் வேறு. சுழலும் உலோகத் தட்டு பக்கத்தில் இருக்கும் காந்த ஊசியைத் தன்னோடு இழுக்கிறது என்பதைப் பிரான்சில் அராகோ 1824இல் கவனித்தார். ஏன் இழுக்கிறது என்பதைச் சில வருடங்கள் கழித்து பரடே விளக்கினார். அதை வைத்து ஸ்ட்ராஸ்பேர்க் நகரத்து ஒட்டோ சூல்ட்ஸே 1902இல் வேக மீற்றருக்குக் காப்புரிமை பெற்றார்.

அதன் வேலை இவ்வளவுதான். எஞ்சினிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தத்தைச் சூழ ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. ஆனாலும் காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். மயிரளவு மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுத்துப் பிடிக்கும். இந்த இழுபறி எங்கே சமப்படுகிறதோ அங்கே முள் நிற்கும். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்குச் சுழல் மின்னோட்டத்தைக் காட்ட இதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியாது.

இனி எங்கள் கதைக்கு வருவோம். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் எல்லாம் தடை. மின்சாரமும் போனது. ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியது. வேலணை, ஊர்காவற்றுறை, மண்டைதீவு மக்களில் பெரும்பகுதி இடம்பெயர்ந்தார்கள். பண்ணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு உலகமாகின.

அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. கேட்க இலேசு, செய்வது கஷ்டம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஐட்லிங்கைக் குறைத்தால் நின்றுவிடும். பாரம் ஏற்றி முறுக்கினால் எஞ்சின் தட்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலையும் தண்ணியாக்கும். புகையைச் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் படுகிறது. ஆர்பிஎம் மீற்றர் ஒரு மனிதனுக்கு உண்மையாகவே தேவைப்பட்ட காலம் அதுதான். ஐட்லிங் 1,200 சுற்றிலா 1,500 சுற்றிலா நிற்கிறது, எந்தச் சுற்றில் தட்டத் தொடங்குகிறது என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். அதே காலத்தில் அறுந்த கேபிளுக்கு மாற்று இல்லை. கண்ணாடி உடைந்தாலும் இல்லை. எனவே மெக்கானிக்மார் காதால் கேட்டே எஞ்சினை வைத்தார்கள். "அது இல்லாமலே ஓடுது" என்ற பேச்சு பிறந்த இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் நான் இருந்தவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். சோனகத் தெருப் பக்கம் எங்கள் ஆட்களின் இரும்புக் கடைகள், லொறிகள், தையல் கடைகள் எல்லாம் ஒரே நாளில் கைவிடப்பட்டன. ஆணியும் நட்டும் விற்ற சனம் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது, இங்கே இருந்தவர்கள் ஒரு நட்டுக்கு அலைந்தார்கள். ஒரே தட்டுப்பாட்டின் இரண்டு முனைகள். இரண்டையும் சேர்த்து யாரும் இன்னும் எழுதவில்லை என்பது என் குறை.

வேக மீற்றராவது ஓடிய தூரத்தை இலக்கமாக வைத்திருக்கும். கேபிள் அறுந்த நாளோடு அந்த இலக்கம் நின்றிருக்கும். ஆர்பிஎம் மீற்றரில் அதுவும் கிடையாது. எஞ்சின் நின்றால் முள் பூச்சியம். அந்தக் கால எஞ்சின்கள் எப்படி ஓடின என்ற விவரம் வயதான மெக்கானிக்மாரின் காதில் மட்டும்தான் மிச்சம். அவர்களும் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை நீடித்ததால் பழைய சைக்கிள்களுக்கு மறுபடி மவுசு வந்தது. நடுவில் 2022ஐ மறக்க முடியாது. கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். அந்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. எங்கள் கடற்றொழிலாளர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பழைய சைக்கிளைத் தட்டி எடுத்த இளைஞர்கள் இப்போது மீற்றரையும் உயிர்ப்பிக்கப் பார்க்கிறார்கள். சந்தோஷம். ஆனால் பலர் முதல் வேலையாகப் பழையதைக் கழற்றி வீசிவிட்டு, கடையில் வாங்கிய டிஜிட்டல் மீற்றரைப் பூட்டுகிறார்கள். அதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

மீற்றர் பக்கத்து முனையில் கேபிளைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். உள்கம்பியின் நுனி சுழன்றால் பிழை மீற்றருக்குள். சுழலாவிட்டால் கேபிளில், அல்லது எஞ்சினில் கேபிள் செருகும் இடத்துப் பல்லுச் சில்லில். எங்கள் உப்புக் காற்றுக்குப் பெரும்பாலும் கேபிள்தான். உள்கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மெல்லிசாகக் கிறீஸ் பூசுங்கள். மேல் முனையில் நாலு அங்குலத்துக்குப் பூச வேண்டாம். சுழலும் கம்பி கிறீஸை மேலே ஏற்றி மீற்றருக்குள் தள்ளிவிடும், பிறகு முள் கண்டபடி ஆடும். முள் துள்ளித் துள்ளி நின்றால் கேபிள் காய்ந்திருக்கிறது, அல்லது எங்கேயோ மடிந்திருக்கிறது.

கேபிள் நன்றாக இருந்தும் முள் அசையாவிட்டால் மட்டும் மீற்றரைத் திறவுங்கள். விளிம்பு வளையத்தை மொட்டையான ஸ்குரூட்ரைவரால் சுற்றிவரக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். காந்தத்தில் படிந்த துரு கிண்ணத்தில் உரசும், அதைப் பஞ்சால் எடுங்கள். சுருள்வில்லில் கை படக்கூடாது. எண்ணெயும் விடக்கூடாது. முள்ளைக் கழற்ற நேர்ந்தால் அது நிற்கும் இடத்தை முதலில் அடையாளம் வையுங்கள்.

இதற்கும் சரிவராதவற்றை வீச வேண்டாம். வகுப்பில் பிரித்துக் காட்ட எனக்குத் தேவை. எந்த வருடத்தில் அது நின்றது, அப்போது வண்டி யார் கையில், எந்த ஊரில் இருந்தது என்று ஒரு துண்டில் எழுதித் தந்தால் போதும், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்கள், வைத்துக் கொடுத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம்.