முதல் குண்டு இல்லாத வரலாறு: கட்டுப்பாட்டுக் கோடும் ‘மீறல்’ என்ற சொல்லும்

1

‘எல்லையில் பாகிஸ்தான் அத்துமீறல்: இந்திய ராணுவம் தக்க பதிலடி’ - தமிழில் செய்தித்தாள் வாசிக்கிற எவருக்கும் மனப்பாடமாகிப்போன வாக்கியம் இது. இடத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். பூஞ்ச், உரி, ரஜௌரி, அக்னூர்... எதைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். கோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பத்திரிகைகளிலும் இதே வாக்கியம்தான், எழுவாய் மட்டும் மாறியிருக்கும். ‘தூண்டுதல் ஏதுமில்லாமல்’ இந்தியா சுட்டது. பாகிஸ்தான் படை தக்க பதிலடி தந்தது.

இரண்டு அரசுகளின் மொழிதலுக்கும் பொதுவான ஓர் இலக்கணம் இருக்கிறது. பேசுகிறவர் எப்போதும் இரண்டாவதாகச் சுட்டவர். முதலில் சுடுவது எப்போதும் எதிராளி. இரண்டு தரப்பு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் முதல் குண்டைச் சுட்டவர் என்று ஒருவருமே கிடைக்கமாட்டார். எல்லாக் குண்டும் பதில் குண்டு. அப்படியானால் இத்தனை பேர் எப்படிச் செத்தாங்க?

‘அத்து’ என்றால் எல்லை. அத்து மீறுதல் என்றால் எல்லையைக் கடந்து வருதல். ஆனால் இந்தச் செய்திகளில் பெரும்பாலானவற்றில் ஆள் யாரும் கடப்பதில்லை. குண்டுதான் கடக்கிறது. ஆள் கடப்பதற்கு நம் மொழியில் ஏற்கெனவே இருந்த ஒரு சொல், குண்டு கடப்பதற்கும் கணக்குச் சொல்லாக மாறியிருக்கிறது. எது மீறல், அதை மீறல் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

2

காஷ்மீரில் முதல் போர் 1949 ஜனவரி 1 நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பாக நின்றது. அவ்வாண்டு ஜூலை 27இல் கராச்சியில் இரு நாட்டு ராணுவப் பிரதிநிதிகளும் ஐ.நா. ஆணையத்தின் முன்னிலையில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் ஸ்ரீநாகேஷ். பாகிஸ்தானுக்காகக் கையெழுத்திட்டவர் காதோர்ன், ஆஸ்திரேலியாவில் பிறந்து பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்புவரை ஒரே ராணுவமாக இருந்த இரண்டு ராணுவங்கள், வரைபடம் வாசிக்க ஒரே பள்ளியில் கற்றவர்கள், ஒரே கோட்டைப் போட்டார்கள். தெற்கே மனாவரில் தொடங்கி, வடக்கே கேரன் வரை போய், கிழக்கே திரும்பிப் பனியாறுகளை நோக்கி நீளும் கோடு. கடைசிப் புள்ளிக்குப் பிறகு ‘அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். அங்கே மனிதர் போய்ச் சண்டை போடுவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. 1984 ஏப்ரலில் இந்தியப் படை சியாச்சினில் ஏறியபோது, இந்த அரைகுறை வாக்கியத்துக்கு ஆளுக்கொரு பொருள் சொல்லிக்கொண்டுதான் இரு நாடும் மோதின.

கராச்சிப் பிரதியில் முக்கியமானது வேறொன்று. அதில் ‘மீறல்’ என்பது சுடுவது மட்டுமல்ல. படைகள் பொதுவாகக் கோட்டிலிருந்து குறைந்தது 500 கஜம் தள்ளி நிற்க வேண்டும். அரண்களைப் பலப்படுத்தக் கூடாது. படைபலத்தைக் கூட்டக் கூடாது. புதிதாக முள்கம்பி போடுவதும் கண்ணிவெடி புதைப்பதும்கூட மீறலாகவே கருதப்பட்டன. அதாவது சண்டைக்கான தயாரிப்பே மீறல். துப்பாக்கி வெடித்த பிறகுதான் விதி மீறப்பட்டது என்றில்லை.

மீறல் நடந்ததா என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாம் ஆளும் இருந்தார். ஐ.நா. ராணுவப் பார்வையாளர்கள் இரு பக்கமும் முகாம் போட்டிருந்தார்கள். புகார் வந்தால் இடத்துக்குப் போய் விசாரித்து ‘மீறல்’ என்றோ ‘மீறல் இல்லை’ என்றோ முடிவு சொன்னார்கள். நம்ம ஊர் வரப்புத் தகராறு மாதிரிதான். ரெண்டு பங்காளியும் சத்தியம் பண்ணுவாங்க. சர்வே கல்லு எங்கே இருக்குன்னு மூணாவது ஆள் வந்து சங்கிலி பிடிச்சுப் பார்க்கணும். ‘மீறல்’ அப்போது முதலில் ஒரு புகார், பிறகுதான் தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. உண்மை என்ற ஒன்றுக்கு இடமிருந்தது அந்த இடைவெளியில்தான்.

இதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. பார்வையாளர்களால் எந்தப் போரையும் நிறுத்த முடியவில்லை. ஆனால் சாட்சி சொல்ல முடிந்தது. 1965 ஆகஸ்டில் பாகிஸ்தான் ஆயுதக் குழுக்களைக் கோட்டைத் தாண்டி அனுப்பியது. பார்வையாளர் குழுத் தலைவர் ஜெனரல் நிம்மோ தந்த தகவலை வைத்துச் செப்டம்பரில் ஐ.நா. செயலர் ஊ தாண்ட் அறிக்கை அளித்தார். ஆகஸ்ட் 5 முதலான மீறல்கள் பெருமளவுக்கு, பாகிஸ்தான் பக்கத்திலிருந்து சீருடையின்றிக் கோட்டைக் கடந்த ஆயுதம் தாங்கியவர்களால் நேர்ந்தவை என்று அதில் பதிவாயிற்று. முதல் அடி யாருடையது என்பதை, அடித்தவரும் அடிபட்டவரும் அல்லாத ஒருவர் எழுதி வைத்த பக்கம் அது. இந்தியாவுக்குச் சாதகமான பக்கமும்கூட.

3

அந்தச் சாட்சியைப் பிறகு இந்தியாவே வேண்டாமென்றது.

1971 டிசம்பர் 17இல் இரு படைகளும் நின்ற இடமே புதிய கோடு என்று 1972 ஜூலை 2இல் சிம்லாவில் ஒப்புக்கொண்டார்கள். ‘போர்நிறுத்தக் கோடு’ என்ற பெயர் போய், ‘கட்டுப்பாட்டுக் கோடு’ வந்தது. தாக்கோ சக் என்ற சின்னஞ்சிறு கிராமம் யாருக்கு என்று மாதக்கணக்கில் இழுபறி நடந்தது. கடைசியில் டிசம்பர் 11இல் சுசேத்கரில் வரைபடங்களில் கையெழுத்தாயிற்று. லடாக்கில் துர்துக் இந்தியாவுக்கு வந்தது. சம்ப் பாகிஸ்தானுக்குப் போனது. தூங்கி எழுந்தவர்களுக்கு நாடு மாறியிருந்தது.

பழைய கோடு போய்விட்டதால் அதைக் கண்காணிக்க வந்தவர்களின் வேலையும் முடிந்தது என்றது இந்தியா. பாதுகாப்புச் சபை முடிவு செய்யாமல் அது முடியாது என்றது ஐ.நா. 1972 முதல் பாகிஸ்தான் பார்வையாளர்களிடம் புகார் கொடுக்கிறது; இந்தியா கொடுப்பதில்லை. டெல்லியில் அவர்களுக்கு அரசு தந்திருந்த கட்டடத்தைக் காலி செய்யும்படி 2014இல் சொல்லப்பட்டது. குழு மட்டும் கலைக்கப்படவில்லை. கண் இருக்கிறது, பார்க்க விடுவதில்லை.

இந்தியாவின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1948இல் ஐ.நா.வுக்குப் போய் வல்லரசுகளின் காய்நகர்த்தலில் மாட்டிக்கொண்ட அனுபவம் அதன் பின்னால் உண்டு. மூன்றாம் ஆள் என்பவர் எப்போதும் சர்வேயர் இல்லை. சில சமயம் நிலத்தின் மேல் கண் வைத்த மிராசுதார். இருந்தாலும் இதன் விளைவு என்ன? புகாருக்கும் தீர்ப்புக்கும் நடுவிலிருந்த இடைவெளி மூடப்பட்டது. புகார் கொடுப்பவரே நீதிபதி. ‘மீறல்’ விசாரிக்கப்பட வேண்டிய ஒன்றாக இல்லாமல் அறிவிக்கப்படுகிற ஒன்றாக ஆனது. ராணுவச் செய்தித் தொடர்பாளரின் அறிக்கையே நிகழ்வாகிவிட்டது.

4

2003 நவம்பர் 23இல் பாகிஸ்தான் பிரதமர் ஜமாலி போர்நிறுத்தம் அறிவித்தார். இந்தியா ஏற்றுக்கொண்டது. 25 நள்ளிரவிலிருந்து, ரம்ஜானையொட்டி, சியாச்சின் உட்பட எல்லா இடங்களிலும் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனால் இந்தப் போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்திட்ட பிரதி கிடையாது. வாய்வார்த்தை. எது மீறல் என்று எழுதப்படாத ஒன்றின் மீறல்களைத்தான் பின்னர் இரு நாடும் ஆயிரக்கணக்கில் எண்ணின.

எழுதாமல் விட்டதில் கராச்சிப் பிரதியின் விரிந்த பொருள் தொலைந்தது. பதுங்கு குழி வெட்டுவதும் வேலி போடுவதும் இனி மீறலா இல்லையா? இந்தியா 2004க்குள் கோட்டுக்கு உட்புறமாகத் தன் வேலியைப் பெருமளவு முடித்தது. ஊடுருவலைத் தடுக்கத்தான் வேலி, அதில் நியாயமும் உண்டு. 1989க்குப் பிறகு அந்த வழியாக ஆயுதமும் ஆட்களும் வந்தது கற்பனையல்ல. ஆனாலும் மண்வெட்டிச் சத்தம் கேட்டால் எதிர்ப் பக்கத்துத் துப்பாக்கி பேசும். கோட்டின் இரு பக்கத்து ராணுவத்தாரிடமும் பேசி ஆய்வு செய்த ஹாப்பிமோன் ஜேக்கப் இதைத்தான் சொல்கிறார்: பெரிய அரசியலைவிட, அரண் கட்டுவது போன்ற உள்ளூர் ராணுவக் காரணங்களே பல மீறல்களைத் தொடங்கிவைக்கின்றன.

2013 ஜனவரியில் பூஞ்ச் பகுதியில் இந்தியச் சிப்பாய் ஒருவரின் தலை வெட்டப்பட்டு நாடே கொதித்தது. அந்த மாதம் ‘இந்து’ ஆங்கில நாளிதழில் ஒரு செய்தி வந்தது. உரி பக்கத்துக் கிராமமொன்றில் வயதான பாட்டி ஒருவர், அந்தப் பக்கம் வாழும் பிள்ளைகளோடு இருக்க முந்தைய செப்டம்பரில் கோட்டைக் கடந்து போய்விட்டார். இவ்வளவு எளிதாகக் கடக்க முடிகிறதே என்று இந்தியத் தரப்பு கண்காணிப்பு அரண் கட்டத் தொடங்க, எதிர்த்தரப்பு ஆட்சேபிக்க, அந்தப் பகுதியில் பதற்றம் ஏறியது என்றது அச்செய்தி. எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ‘அத்து மீறல்’ என்ற சொல்லின் நேரடிப் பொருளில் அத்தை மீறியவர் அந்தப் பாட்டி ஒருவர்தான். எந்தப் பட்டியலிலும் அவர் இல்லை.

5

இப்போது எண்களுக்கு வருவோம். 2020இல் பாகிஸ்தான் 5133 முறை மீறியதாக இந்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதே ஆண்டில் இந்தியா 3000 முறைக்கு மேல் மீறியதாகப் பாகிஸ்தான் சொன்னது. எதிராளியின் குண்டை மட்டும் எண்ணுகிற இரண்டு பேரேடுகள். ஒரு ராத்திரி முழுக்கச் சுட்டால் அது ஒன்றா, நூறா? எண்ணுகிறவர் இஷ்டம்.

2021 பிப்ரவரி 25இல் இரு நாட்டு ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர்களும் கூட்டறிக்கை விட்டார்கள். அந்த நள்ளிரவோடு சுடுவது நின்றது. மிகச் சில சம்பவங்கள் தவிர நான்கு வருடத்துக்குக் கோடு அமைதியாகவே இருந்தது. இந்த அமைதிதான் அதற்கு முந்தைய சத்தத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஊடுருவலுக்கு மறைப்பாகத்தான் பாகிஸ்தான் சுடுகிறது என்பது இந்திய விளக்கம். ஊடுருவல் 2021இல் நின்றுவிடவில்லை. சுடுவது மட்டும் நின்றது. இந்தியா வெறியோடு மக்களைக் குறிவைக்கிறது என்பது பாகிஸ்தான் விளக்கம். அந்த ‘வெறி’யும் ஒரே இரவில் அடங்கிவிட்டது. ஆக, ஒரு தொலைபேசிப் பேச்சில் நிறுத்த முடிகிற ஒன்று, அதற்கு முந்தின வருடங்களிலும் நிறுத்த முடிகிற ஒன்றாகவே இருந்திருக்கிறது. நிறுத்தப்படவில்லை, அவ்வளவுதான். மீறல் என்பது விதியிலிருந்து தவறுவது அல்ல. இரண்டு அரசுகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி அது. கோபமா இருக்கேன் என்று சொல்ல ஒரு மோர்ட்டார்.

இரு தரப்பும் சமம் என்று இதற்குப் பொருளில்லை. 1965இலும் 1999இல் கார்கிலிலும் கோட்டைத் தாண்டியது யார் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரிய போர்களின் குற்றக் கணக்கை வைத்து அன்றாடக் குண்டுகளை நியாயப்படுத்தும் உத்தியையும் கட்டுடைத்தாக வேண்டும்.

6

இந்த மொழி எழுதப்படும் தாள், அங்கே குடியிருப்பவர்களின் உடம்பு. 740 கிலோமீட்டர் நீளத்துக்கு ஊர்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் நீலம் பள்ளத்தாக்கின் சாலை 1990களில் இந்தியப் பீரங்கிகளின் பார்வையில் கிடந்தது; 2003 வரை அங்கே போக்குவரத்தே உயிர்ப் பணயம். கேரனில் ஆறே கோடு. ஒரே குடும்பத்தார் இரு கரையிலும் நின்று சத்தம் போட்டுப் பேசிக்கொள்வார்கள். இந்தப் பக்கம் வேலிக்கும் கோட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கிராமங்கள். அடையாள அட்டை காட்டி, கதவு திறக்கும் நேரம் பார்த்து, சொந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஜம்மு வட்டார எல்லை மாவட்டங்களில் பொதுமக்களுக்காக 14,460 பதுங்கு குழிகள் கட்ட இந்திய அரசு ஒப்புதல் தந்தது. போர்நிறுத்தம் நடப்பிலிருப்பதாகச் சொல்லப்பட்ட காலத்தில்தான் இந்த ஏற்பாடு என்பதைக் கவனிக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 22இல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டபின் கோட்டில் மறுபடி சத்தம். மே 7 முதல் பூஞ்ச் நகரத்தில் குண்டு விழுந்து குழந்தைகள் உட்படப் பலர் செத்தார்கள். அந்தப் பக்கத்து ஊர்களிலும் சாவு. மே 10இல் ‘போர்நிறுத்தம்’ என்று முதலில் அறிவித்தவர் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப். மாலை 5 மணி முதல் எல்லா ராணுவ நடவடிக்கையும் நிறுத்தம் என்றது இந்தியா. ஆனால் ‘போர்நிறுத்தம்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘புரிந்துணர்வு’ என்றது. அன்று இரவே இரு தரப்பும் மீறல் குற்றம் சாட்டிக்கொண்டன. என்ன பெயர் என்றே முடிவாகாத ஒன்று சில மணி நேரத்தில் மீறப்பட்டுவிட்டது!

ஆகவே கேட்க வேண்டியது அமைதியை மட்டுமல்ல, எழுதப்பட்ட அமைதியை. அரண் கட்டுவதும் மீறலா என்று தெளிவாகச் சொல்லும் பிரதியை. ஐ.நா.வோ வேறு எவரோ, புகார் கொடுத்தவரல்லாத ஒருவர் விசாரிக்கும் ஏற்பாட்டை. அந்த விசாரணையில் ராணுவத்தோடு கிராமத்தாரும் புகார் சொல்லும் உரிமையை. எந்தக் குன்றிலிருந்து முதல் சத்தம் வந்தது என்பது மாடு மேய்க்கப் போனவருக்குத் தெரியும். மக்காச்சோளம் அறுத்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதுவதற்கான பத்தி இரண்டு நாட்டுப் பேரேட்டிலும் இல்லை.