மெட்ரோ வருது... வாடகைக்கு இருக்கிறவங்க காலி பண்ணணுமா? சட்டம் சொல்வது என்ன?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் வீடு தேடினால், "மெட்ரோ பக்கத்துலயே வருது சார்" என்பார் புரோக்கர். வசதிதான். ஆனால் ஏற்கெனவே அங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்கு?

எந்தப் பாதை?

சென்னை மெட்ரோ 2-ம் கட்டத்தின் நீளம் 118.9 கி.மீ. மதிப்பீடு ரூ.63,246 கோடி. மாதவரம் - சிப்காட் பாதை மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியாகச் செல்கிறது. கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி பாதை மயிலாப்பூர், நந்தனம், பனகல் பார்க் வழியாகச் செல்கிறது. இரண்டும் சந்திப்பது திருமயிலையில்.

இடம்பெயர்வு எப்படி நடக்கிறது?

இரண்டு வகை. ஒன்று, நிலம் எடுப்பதால் நேரடியாக வீட்டை இழப்பது. நகர்ப்புறத்தில் எடுக்கப்படும் நிலத்தில் குறைந்தது 3 ஆண்டுகள் வசித்த குடும்பத்தையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்கிறது 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம். அதாவது, வீட்டு ஓனர் மட்டுமல்ல.

கலங்கரை விளக்கம் - மீனாட்சி கல்லூரி பகுதிக்குக் கடன் தரும் ஆசிய வளர்ச்சி வங்கியின் விதிப்படி, பட்டா இல்லாதவர்களுக்கும் மறுவாழ்வு உதவி உண்டு.

இரண்டாவது வகை, சத்தமில்லாமல் நடப்பது. வாடகை ஏறும், கட்டுப்படியாகாமல் குடும்பம் தானே கிளம்பும். இதற்கு 2013 சட்டத்தில் இழப்பீடு கிடையாது.

மந்தைவெளி சொன்ன பாடம்

2022 மே மாதம், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டன. இது மெட்ரோவுக்காக அல்ல, பக்கிங்ஹாம் கால்வாய் ஆக்கிரமிப்பு வழக்கு. பெரும்பாக்கம் போக மாட்டோம் என மக்கள் போராடினர். ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பிறகே, மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என முதல்வர் ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். வேலையும் பள்ளியும் இங்கே இருக்க, வீடு மட்டும் தூரமாகப் போனால் வாழ்க்கையே குலைந்துவிடும்.

வாடகைதாரர் என்ன செய்யலாம்?

* எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் இல்லாததே காலி செய்யச் சொல்லக் காரணமாகலாம்.
* ஒப்பந்தக் காலத்தின் நடுவே, அதில் சொல்லாத வாடகை உயர்வைக் கேட்க முடியாது. எனவே நீண்ட காலத்துக்கு ஒப்பந்தம் போடுவது நல்லது.
* காலி செய்ய வைக்க கரன்ட், தண்ணீரை நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் புகார் தரலாம்.
* வாடகை ரசீது, கரன்ட் பில், ஆதார் முகவரியைச் சரியாக வைத்திருங்கள். எத்தனை வருஷம் குடியிருந்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

மற்ற நாடுகளில்?

அமெரிக்காவின் மேரிலாந்தில் 'பர்ப்பிள் லைன்' லைட் ரயில் பாதையை ஒட்டி, நடுத்தர, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் 17,000 வீடுகளைக் காப்பது என முன்கூட்டியே இலக்கு வைத்தார்கள். ரயில் வரும் முன்பே வீட்டுக்கும் திட்டம் போடுவதுதான் இதில் முக்கியம்.

தனியாளாக ஒப்பந்தம் போட்டால் சில வருஷம் தாங்கலாம். அதற்கு மேல், ஸ்டேஷன் பக்கத்திலேயே குறைந்த வாடகை வீடுகள் வேண்டும். அது அரசு கையில்தான் இருக்கிறது.