ஒரு வரிக் கட்டளையும் ஆயிரம் ஒலிப்பதிவுகளும்



ஒலிப்பதிவொன்றை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றுவது சிறு வேலை. ஆயிரம் பதிவுகளை மாற்ற நேர்ந்தாலோ, அது மாதக்கணக்கிற் செல்லும் வேலை. சுட்டியை அழுத்தி அழுத்தி விரல் நோவதினும், கறுந்திரையிலே ஒரு வரியைத் தட்டெழுதிவிட்டு உறங்கப் போவது மேலன்றோ? அந்த ஒரு வரி பிறந்த கதையையே இன்று சொல்ல எண்ணினேன்.

1964ஆம் ஆண்டிலே, ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய டக்ளஸ் மக்கில்ரோய் என்பார், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய்த் துண்டுகளைப் பூட்டுவதுபோலக் கணினி நிரல்களையும் ஒன்றோடொன்று பூட்டவேண்டுமென ஒரு குறிப்பு எழுதினார். ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 1973இலே, கென் தொம்சன் அதனை யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் அமைத்தார். 1979இல் வெளியான அதன் ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் போர்ன் ஆக்கிய கட்டளை மொழியும் வந்தது. 'இங்கேயுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் இதனைச் செய்க' என்று ஒரே வரியிற் பணிக்க அம்மொழி இடந்தந்தது.

1990ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் சன் நிறுவனத்துக் கணினிகள் ஒலியை ஒரு வடிவிலே சேமித்தன. ஆப்பிள் கணினிகள் வேறொரு வடிவிலே சேமித்தன. வின்டோஸ் இன்னொன்றைக் கொண்டுவந்தது. ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்காத நிலை! 1991இல் லான்ஸ் நோர்ஸ்கொக் என்பார் சொக்ஸ் என்னும் நிரலை எழுதி, மூலநிரலோடு இலவசமாகவே வழங்கினார். வடிவங்களுக்கிடையே அது ஒரு துபாஷி. போர்னின் கட்டளைக்குள் அதனை வைத்துவிட்டால் நூறு கோப்பும் ஒன்றே, ஆயிரமும் ஒன்றே. 2000ஆம் ஆண்டிலே பிரான்ஸ் தேசத்து ஃபப்ரிஸ் பெல்லார் தொடக்கிய எஃப்.எஃப்.எம்பெக் படத்தையும் ஒலியையும் ஒருங்கே மாற்ற வல்லது.

இவற்றிடையே எம்.பி.3 வந்து சேர்ந்தது. இறுவட்டிலே ஒரு விநாடி இசைக்கு 1,411,200 பிற்றுகள் வேண்டும். ஜேர்மனியின் பிரௌன்ஹோஃபர் நிறுவனத்து அறிஞரும் பிறரும் வகுத்த எம்.பி.3, அதனை 128,000 பிற்றுகளுக்குள்ளும் அடக்கும். மனிதச் செவிக்கு எட்டாதெனக் கணித்தவற்றை அது வீசிவிடுகின்றது. வீசியது மீளாது.

அடியேன் இடறியது இவ்விடத்திலேதான். எங்கள் பாடசாலையின் பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தோம். ஓரிரவு, இடம் மிச்சமாகட்டுமென்று, யாவற்றையும் மிகச் சிறிய எம்.பி.3 ஆக்கி மூலங்களை அழித்துவிடுமாறு ஒரே வரியிற் பணித்தேன். கணினி மறுபேச்சுப் பேசவில்லை. காலமான சங்கீத ஆசிரியை ஒருவரின் குரலைப் பின்னொருநாள் ஒலிக்கவிட்டபோது, தம்புராவின் சுருதி நீருக்குள் அமிழ்ந்ததுபோற் கேட்டது. நாடாக்களோ பூஞ்சணம் பிடித்து முன்னரே எறியப்பட்டிருந்தன.

ஜோஷ் கோல்சன் ஆக்கிய ஃபிளாக் என்னும் வடிவின் முதற் பதிப்பு 2001இலேயே வெளிவந்திருந்தது. இசைப்பதிவைப் பெரும்பாலும் ஏறக்குறையப் பாதியளவாகவே அது சுருக்கும். ஆனால் விரித்தால் ஒரு பிற்றும் குறையாது. பழைய மாணவர் வீடுகளிற் கிடைத்த சில நாடாக்களை இப்பொழுது அவ்வடிவிலேயே ஏற்றி வருகின்றோம். புதிய கட்டளை வரியில் அழிக்கும் சொல்லை நான் எழுதவில்லை.