ஃபுளோரா ஃபவுண்டன்: ஒரு பழைய கணக்கு

எங்கள் கொச்சங்காடித் தெருவில் தண்ணீர் பீய்ச்சி அடித்தால், எங்கோ குழாய் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே குடத்தோடு ஓட வேண்டும். அதனால் என் மச்சினன் பார்சிலோனாவிலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்து என் மகள் வாயைப் பிளந்ததில் ஆச்சரியமில்லை. சியுடடெல்லா பூங்காவில் இருக்கும் பெரிய நீரூற்று அது. உச்சியில் குதிரைகள் பூட்டிய தேர், கீழே சிப்பிக்குள் வீனஸ், சுற்றிலும் சிலைகள். 1881-ல் திறந்து, 1888 கண்காட்சிக்கு முன் முழுதாக முடித்தார்கள். வடிவமைத்தவர் ஜோசப் ஃபொன்செரே. அவரிடம் உதவியாளராக இருந்த மாணவர்தான் பின்னாளில் பெரும்பேர் எடுத்த கௌடி.

"அப்பா, நம்ம ஊர்ல இப்படி ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டாள்.

"இருக்கு மக்கா. மூணு வருஷம் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன்" என்றேன்.

2010-ல் எனக்கு மும்பை கோட்டைப் பகுதிக்கு மாற்றல். மாதுங்காவில் சித்தப்பா வீட்டில் தங்கல். சர்ச்கேட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் பத்து நிமிடத்தில் ஃபுளோரா ஃபவுண்டன். வெளியூரில் வேலை பார்த்த நம்மவர்களுக்குத் தெரியும், தினமும் பார்க்கிற பொருளை நாம் பார்ப்பதே இல்லை. எனக்கு அது ரோட்டைக் கடக்க விடாத ஒரு வெள்ளைப் பொம்மை, அவ்வளவுதான். தண்ணீர் வந்ததாகக்கூட நினைவில்லை. மேலே வெள்ளை பெயின்ட் அப்பி அப்பி, சிலையின் மூக்கும் முழியும் மழுங்கிக் கிடந்தது.

போன டிசம்பரில் ஒரு பயிற்சி வகுப்புக்காக மும்பை போக வேண்டியிருந்தது. பள்ளி விடுமுறை என்பதால் மகளையும் கூட்டிப் போனேன். சீரமைப்பு முடிந்து 2019 ஜனவரியில் மறுபடி திறந்திருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, உள்ளே இருந்த போர்ட்லண்ட் கல்லை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த வேலைக்காகத் தோண்டும்போது பழைய டிராம் தண்டவாளம் கிடைத்ததாம். பம்பாயில் டிராம் நின்றது 1964-ல். ஐம்பது வருஷத்துக்கு மேல் தாருக்கு அடியில் அப்படியே கிடந்திருக்கிறது!

சரி, கதைக்கு வருவோம்.

இந்த நீரூற்று முதலில் ஒரு பூங்காவுக்காகத்தான் செய்யப்பட்டது. பைகுல்லாவில் 1862-ல் திறந்த விக்டோரியா தோட்டம், இன்றைக்கு மும்பைக்காரர்கள் ராணி பாக் என்று சொல்வார்களே, அங்கே வைப்பதாக இருந்தது. மேற்கிந்தியத் தோட்டக்கலைச் சங்கம் ஏற்பாடு செய்தது. வடிவம் போட்டவர் நார்மன் ஷா (பிற்பாடு லண்டனில் ஸ்காட்லண்ட் யார்டு கட்டடத்தை வடிவமைத்தவர்). செதுக்கியவர் ஜேம்ஸ் ஃபோர்சைத். கல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. உச்சியில் நிற்பவள் ரோமானியர்களின் பூக்களின் தேவதை ஃபுளோரா. கவர்னர் பார்ட்டில் ஃபிரேர் பெயரை வைப்பதாக இருந்து, கடைசியில் தேவியின் பெயரே நிலைத்துவிட்டது.

செலவு 47,000 ரூபாய். அதில் 20,000 ரூபாய் கர்செட்ஜி ஃபர்துன்ஜி பாரேக் என்ற பார்சிக்காரர் கொடுத்தது. 1864-ல் இது என்ன மாதிரிப் பணம்! வங்கிக்காரன் புத்தி, பொருளைப் பார்த்ததும் 'பணம் எங்கிருந்து வந்தது' என்றுதான் கேட்கும்.

வந்தது பஞ்சிலிருந்து. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். தென் மாநிலத் துறைமுகங்கள் அடைபட்டன. லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு இல்லை. எல்லார் கண்ணும் இந்தியா மேல். பம்பாய்க்கு அடித்தது யோகம். நம் திருநெல்வேலிப் பஞ்சுக்கும் அப்போது விலை ஏறியது, ஆனால் பம்பாயில் நடந்தது வேறு கூத்து. வந்த பணத்தை வைக்க இடமில்லாமல் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கினார்கள். கடலைத் தூர்த்து நிலமாக்குகிறோம் என்று ஒரு பேக் பே கம்பெனி. அதன் பங்குக்கு அடிதடி. அதே வருஷங்களில்தான் ஃபிரேர் பழைய கோட்டைச் சுவரை இடிக்க உத்தரவிட்டார். அந்தக் கோட்டையின் சர்ச் கேட் நின்ற இடத்தில்தான், தோட்டத்துக்குப் போக வேண்டிய ஃபுளோரா வந்து நின்றாள்.

பிறகு போர் முடிந்தது. 1865-ல் பஞ்சு விலை சரிந்தது. முன்பேரக் கணக்குகளைத் தீர்க்க வேண்டிய ஜூலை 1 அன்று, வாங்கியவனிடமும் பணமில்லை, விற்றவனிடமும் பணமில்லை. பேங்க் ஆஃப் பாம்பே பங்குகளை ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்திருந்தது. அப்படிக் கொடுக்க வழிவிட்டது 1863-ல் வந்த புதிய சட்டம். 1868-ல் வங்கியே மூழ்கியது. விசாரணைக் கமிஷன் எல்லாம் போட்டார்கள். அதே பெயரில் புதிதாகத் தொடங்கிய வங்கிதான் 1921-ல் கல்கத்தா, சென்னை வங்கிகளோடு சேர்ந்து இம்பீரியல் வங்கியாகி, 1955-ல் ஸ்டேட் வங்கியானது. ஈட்டின் மதிப்பு ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பிக் கடன் கொடுக்கிற வியாதி நூற்றைம்பது வருஷப் பழசு என்று தெரிந்தபோது, எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது (மேலதிகாரிகள் இதைப் படிக்க வேண்டாம்).

இதை எல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பாதிக்கு மேல் கேட்கவில்லை. "அப்பா, அது யாரு?" என்று பக்கத்தில் கை காட்டினாள்.

பக்கத்தில் நிற்பது இன்னொரு சிலை. ஒரு விவசாயியும் ஒரு தொழிலாளியும் தீப்பந்தம் ஏந்தி நிற்கிறார்கள். அந்த இடத்துக்கு இன்று ஹுதாத்மா சௌக், தியாகிகள் சதுக்கம் என்று பெயர். பம்பாய் மராத்தி மாநிலத்தோடு சேர வேண்டும் என்று கேட்டு ஊர்வலம் வந்தவர்கள் மீது 1955 நவம்பர் 21 அன்று இங்கே போலீஸ் சுட்டது. பதினைந்து பேர் இறந்தார்கள். அடுத்த ஜனவரியில் பம்பாயை மத்திய அரசே வைத்துக்கொள்ளும் என்று நேரு அறிவித்ததும் மறுபடி கலவரம், மறுபடி துப்பாக்கிச் சூடு. கடைசியில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு, 1960 மே 1 அன்று பம்பாயோடு மகாராஷ்டிரம் பிறந்தது.

பார்சிலோனாவின் அந்தப் பூங்கா இருக்குமிடம்கூட ஒரு காலத்தில் கோட்டைதான். 1714-ல் நகரத்தைப் பிடித்த ஐந்தாம் பிலிப், கட்டலான் ஜனங்களை அடக்கி வைக்க, ஒரு குடியிருப்பையே இடித்துவிட்டுக் கட்டியது. நீதிமன்றத்திலிருந்து அவர்கள் மொழியையும் விரட்டினான். 1869-ல் இடம் நகரத்துக்குத் திரும்பக் கிடைத்த பிறகுதான் பூங்கா வந்தது. கட்டலான் பாராளுமன்றம் இன்றைக்கு அதே பூங்காவுக்குள்தான் இருக்கிறது. மச்சினன் அனுப்பிய நாற்பது படங்களில் அந்தக் கட்டடம் ஒன்றில்கூட இல்லை!

மாதுங்கா சித்தப்பாவுக்கு இந்தச் சதுக்கம் பிடிக்காது. 1966-க்குப் பிறகு மும்பையில் தென்னிந்தியர்களுக்கு எதிராக எழுந்த அலையை அவர் நேரில் பார்த்தவர். ஆபீஸ்களில் இருந்த தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலை 'மார்மிக்' பத்திரிகை போட்டதையும், வேட்டியோடு வெளியே போகப் பயந்த நாட்களையும் பற்றி நிறையச் சொல்வார். "இங்கேதான் எல்லாம் ஆரம்பிச்சது" என்பார். எனக்கு அவரோடு முழுதாக ஒத்துப்போக முடிந்ததில்லை. 1955-ல் செத்தவன் வேறு, 1966-ல் கல்லெறிந்தவன் வேறு. தன் மொழியில் ஆட்சி வேண்டும் என்று கேட்டவனை எப்படித் திட்டுவது? அதுவும் நான்!

நான் குமரி மாவட்டத்துக்காரன். புதுக்கடைக்குப் பக்கம். 1954 ஆகஸ்ட் 11 அன்று, தென் திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போது அங்கே பட்டம் தாணுப் பிள்ளையின் சோஷலிஸ்ட் ஆட்சி. சுட்ட அரசாங்கம் பதவி விலக வேண்டும் என்று அதே கட்சியின் பொதுச் செயலாளர் லோகியா கேட்டார். சொந்தக் கட்சி ஆட்சியைப் பற்றி! பிறகு 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை.

என் தாத்தா அன்று புதுக்கடைச் சந்தையில் இருந்தார். வெற்றிலைக் கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன் என்று மட்டும் சொல்வார். இதை மகளிடம் முதல் தடவையாகச் சொன்னது அந்தச் சதுக்கத்தில்தான், ஃபுளோராவுக்கும் தீப்பந்தத்துக்கும் நடுவில், டாக்ஸி ஹாரன் சத்தத்தில்.

"தாத்தா ஊர்வலத்துல போனாரா, சும்மா வெத்திலை விக்கப் போனாரா?"

"தெரியாது மக்கா. நான் கேட்கல."

கேட்டிருக்கலாம். அவர் இறந்தபோது நான் பி.காம். இரண்டாம் வருஷம். அவர் படித்ததெல்லாம் திருவிதாங்கூர்ப் பள்ளிக்கூடத்தில் மலையாளம். வீட்டில் பேசியது தமிழ், கையெழுத்துப் போட்டது மலையாளத்தில், கடைசி வரைக்கும். எங்கள் வீட்டுப் பழைய பத்திரமும் மலையாளத்தில்தான் இருக்கிறது. அப்பாவால் அதைப் படிக்க முடியாது. வருஷக்கணக்காகப் பெட்டியில் கிடந்தது.

மாற்றலாகிக் கொச்சிக்கு வந்து, எதிர் வீட்டு டீச்சரம்மாவிடம் எழுத்துக் கற்று, போன வருஷம்தான் நான் அதை முழுதாகப் படித்தேன். பதினேழு சென்ட், இரண்டு பலா, ஒரு கிணறு. அடியில் தாத்தாவின் கையெழுத்து.